கறுப்பு டேப்புக்கு அடியில் பூஜ்யம்

புதன்கிழமை இரவு

அன்புள்ள அக்காவுக்கு,

உன் எலி எழுதுகிறேன். எப்போதும் "இங்கு அனைவரும் நலம்" என்றுதான் ஆரம்பிப்பேன். இன்றைக்கு அந்த ஒரு வரி மட்டும் பேனாவிலிருந்து இறங்க மாட்டேன் என்கிறது. அந்த வரிக்காக மேலே இடம் விட்டு வைத்திருக்கிறேன். எழுத முடிந்தால் பிறகு எழுதிக்கொள்கிறேன்.

மாடிப்படியில் உட்கார்ந்திருக்கிறேன். நம் படிக்கட்டு விளக்கைப் பற்றித்தான் உனக்குத் தெரியுமே, ஸ்விட்சைத் தட்டினால் கொஞ்ச நேரம் எரிந்துவிட்டுத் தானாக அணைந்துவிடும். மறுபடி தட்ட எழுந்து போக வேண்டும். தட்டும்போதெல்லாம் "டொக்" என்ற சத்தத்துக்கு மேல்வீட்டு நாய் ஒரு உறுமல் உறுமுகிறது. எங்கேயாவது எழுத்து கோணிக்கொண்டு போனால் அது இருட்டில் எழுதியது என்று புரிந்துகொள். போனில் சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். உன் விளையாட்டு விடுதியில் ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் போனைக் கையில் தருகிறார்கள். அந்த நேரத்தில் அம்மா ஸ்பீக்கரைப் போட்டுவிட்டு நடுவில் உட்கார்ந்துகொள்கிறாள். அம்மாவைப் பற்றி அம்மா மடியில் உட்கார்ந்து எப்படிச் சொல்வது?

நாளைக்குத் துறைமுகத்தில் அம்மாவை எடை போடப் போகிறார்கள். நான் ஒரு காரியம் செய்து வைத்திருக்கிறேன். அது யாருக்கும் தெரியாது.

முதலிலிருந்து சொல்கிறேன். மூன்று மாதத்துக்கு முன்னால் அங்கே புதிதாக ஒரு பாதுகாப்பு அதிகாரி வந்தார். வந்த வேகத்தில் கிரேன் ஏணியில் ஏறுகிறவர்கள் எல்லாரையும் கூப்பிட்டு, இடுப்பில் மாட்டிக்கொள்ளும் பட்டையும் கயிறும் நூறு கிலோவுக்கு மேல் தாங்காது என்று சொன்னாராம். பூட்ஸ், ஹெல்மெட், பை, தண்ணீர் எல்லாவற்றுக்கும் ஐந்து கிலோ போக, ஆள் தொண்ணூற்றைந்துக்குள் இருக்க வேண்டும். மூன்று மாதம் தவணை. அதற்கு மேல் இருந்தால் கீழே கேட்டில் உட்கார்ந்து லாரிகளுக்கு டோக்கன் கிழித்துக் கொடுக்க வேண்டியதுதான். அந்த அதிகாரிக்கு அன்றைக்கே "நூறு கிலோ" என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

அம்மாவுக்கு நாலாம் நம்பர் கிரேன் என்றால் என்னவென்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சின்ன வயதில் நம் இரண்டு பேரையும் வேலிக்கு வெளியே நிறுத்தி, அதோ அந்தக் கண்ணாடிப் பெட்டிதான் என் ஆபீஸ், அங்கிருந்து பார்த்தா கப்பல் எல்லாம் சோப்பு டப்பா மாதிரி இருக்கும்டி என்று காட்டுவாளே. அவளைக் கொண்டுபோய் டோக்கன் கிழிக்க வைத்தால் எப்படி இருக்கும்?

அன்றைக்கே அம்மா ஆரம்பித்துவிட்டாள். ஆரம்பித்தாள் என்றால் நம் அம்மா ஆரம்பிக்கிற மாதிரி. சூப் வருடம் ஞாபகம் இருக்கிறதா? கட்டிடம் முழுக்க முட்டைக்கோஸ் வாசம் அடித்து, கீழ்வீட்டுக்காரர் கேஸ் கசிகிறதா என்று வந்து கேட்டாரே. அப்புறம் பழம் மட்டும் சாப்பிட்ட வருடம். அப்புறம் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் வாயைத் தைத்துக்கொண்ட வருடம். ஒவ்வொரு முறையும் சடசடவென்று இறங்குவாள். எல்லாரும் கைதட்டுவோம். அப்புறம் எங்கேயோ ஒரு பிறந்தநாளில் விரலில் ஒட்டிய கிரீமை யோசிக்காமல் நக்கிவிடுவாள். அவ்வளவுதான், கெட்டது கெட்டுப்போச்சு, இனி ஒரு துண்டு என்ன ஒன்பது துண்டு என்ன என்று தட்டோடு உட்கார்ந்துவிடுவாள். போன கிலோ எல்லாம் ஒரு கிலோ துணையையும் கூட்டிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பும்.

இந்த முறை வேகவைத்த காய், உப்பில்லாமல். காலையில் ஒன்றுமில்லை, இரவில் ஒன்றுமில்லை. குளிர்சாதனப் பெட்டிக்கு அம்மாவே ஒரு பூட்டு வாங்கி மாட்டினாள், சாவியை அப்பாவிடம் கொடுத்தாள். அப்பாவோ அதைப் பழுதுபார்க்கும் கடிகாரங்களுக்கு நடுவில் எங்கேயோ வைத்துத் தொலைத்துவிட்டு, மறுநாள் பாலுக்காக அந்தப் பூட்டைத் தானே அறுத்தார்.

கண்ணாடிக்கடைச் சித்தி வந்து சண்டை போட்டாள். சித்தியும் குண்டாக இருந்தவள்தானே. அவள் எதையும் விடவில்லை. கேக் கொடுத்தால் பாதியைத் தின்று மீதியைக் காகிதத்தில் சுற்றிக் கைப்பையில் போட்டுக்கொள்வாள். மதியம் ஒரு பிடி பிடித்தால் இரவில் கொஞ்சம் குறைப்பாள், மறுநாள் எழுந்து எப்போதும்போல் சாப்பிடுவாள். நாலைந்து வருடத்தில் ஆமை மாதிரி இறங்கினாள், இறங்கிய இடத்திலேயே இருக்கிறாள். "அக்கா, நீ பட்டினி கிடக்கறதுக்குப் பேரு டயட் இல்ல, ஜெயில். ஜெயில்ல இருந்து வெளிய வர்றவன் ஓடத்தான் செய்வான்" என்றாள். அம்மா, போடி அரை வைராக்கியம், உன் கைப்பையைத் திறந்தா எறும்புதான் வரும் என்றாள். பிறகு ஒரு சட்டம் பேசினாள். பாதி இறக்கின பெட்டி என்று எங்கள் வேலையில் ஒன்று கிடையாது, ஒன்று தரையில் இருக்கணும், இல்லை கொக்கியில் இருக்கணும் என்று. சித்தி கைப்பையை மூடிக்கொண்டு கிளம்பிவிட்டாள். எனக்கும்கூட அது சரிதானே என்று பட்டது.

முதல் மாதம் எடைக்கருவியின் முள் நூற்றைந்திலிருந்து நூறுக்கு வந்தது. அப்புறம் நின்றுவிட்டது. அம்மா காயையும் பாதியாக்கினாள். முள் அசையவில்லை. அம்மாதான் மாறினாள். யாரும் கேட்பதற்கு முன்பே "நான் சாப்பிட்டாச்சு" என்பாள். அப்பா ஒரு ஸ்பூனைக் கீழே போட்டதற்கு அழுதாள், அக்கா. நம் அம்மா, ஒரு ஸ்பூனுக்கு.

அப்புறம் ஒரு சாயங்காலம் கையாட்டி மாமா வீட்டுக்கு வந்தார். கிரேனுக்குக் கீழே நின்று அம்மாவுக்குக் கையால் சைகை காட்டுகிறவர், நீ பார்த்திருக்கிறாய், ஆரஞ்சு சட்டை. பழைய கடிகாரம் ஒன்றைக் கொடுக்கிற சாக்கில் அப்பாவிடம் மெதுவாகச் சொன்னார். அன்றைக்கு அம்மா ஏணியில் பாதி இறங்கும்போது நின்றுவிட்டாளாம். கம்பியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு. அவர் கீழிருந்து கத்தியும் கேட்கவில்லையாம். "தங்கச்சிகிட்ட நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க, அந்த அதிகாரி காதுக்குப் போனா இன்னைக்கே இறக்கிடுவாரு" என்றார். அப்பா அந்தக் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அதில் ஒரு பழுதும் இல்லை.

நான் அலமாரிக்குப் பின்னால் நின்று கேட்டேன். அன்றைக்கு எனக்கு வந்த பயம் இன்னும் போகவில்லை. முள் கொஞ்சம் இறங்கினால் அம்மா சாப்பிடுவாள். முள் இறங்க மாட்டேன் என்கிறது. அப்படியானால் முள்ளை நானே இறக்கிவிட்டால் என்ன?

நம் எடைக்கருவிக்குக் கீழே ஒரு சின்னத் திருகுச் சக்கரம் இருக்கிறது இல்லையா, பூஜ்யத்தைச் சரிசெய்ய? ஒரே நாளில் திருகினால் தெரிந்துவிடும் என்று, பள்ளிக்குக் கிளம்பும் அவசரத்தில் தினமும் ஒரு நூல், ஒரு நூலாகத் திருகினேன். நான் மேலே ஏறி நின்று பார்ப்பேன், இறங்கித் திருகுவேன், மறுபடி ஏறிப் பார்ப்பேன். ஒரு வாரத்தில் மூன்று கிலோவைக் குறைத்துவிட்டேன். ஆளில்லாதபோது முள் எங்கே நிற்கிறது என்று யாருக்கும் தெரியாது. அது உன் புண்ணியம். நீ டம்பெல்லைப் போட்டுக் கண்ணாடியை உடைத்தபோது, பூஜ்யத்திலிருந்து பத்து வரைக்கும் அப்பா கறுப்பு டேப்பை ஒட்டினாரே, நம் வீட்டில் பத்து கிலோவுக்குக் கீழே யாரும் இல்லை, அந்தப் பக்கம் யாருக்கு வேணும் என்று. அந்த டேப் இன்னும் இருக்கிறது.

அக்கா, அது வேலை செய்தது! முள் தொண்ணூற்றொன்பது என்று காட்டிய அன்று அம்மா ஒரு முட்டை சாப்பிட்டாள். தொண்ணூற்றெட்டில், சித்தி நீட்டிய பாதி கேக்கை வாங்கிக்கொண்டாள். தொண்ணூற்றேழில் எங்களோடு உட்கார்ந்து சோறு சாப்பிட்டாள், உப்புப் போட்டு, பருப்புப் போட்டு. சாப்பிட்டுவிட்டு அவள் தூங்கிய தூக்கம் இருக்கிறதே, குறட்டைச் சத்தத்தில் அப்பாவின் கடிகாரங்கள் எல்லாம் வெட்கப்பட்டிருக்கும். மறுநாள் சாப்பிட்டதற்குப் பரிகாரமாகப் பட்டினி கிடப்பாள் என்று பயந்தேன். கிடக்கவில்லை. முள்தான் இறங்குதே, போகட்டும் என்றாள். வாரம் ஒருமுறை சித்தி வந்து தன் வழியைச் சொல்லிக்கொடுத்தாள். ஸ்பூனுக்கெல்லாம் அழுவது நின்றுபோனது.

இதற்கப்புறம் நடந்ததுதான் எனக்குப் புரியவில்லை. நான் தொடவே இல்லை. ஆனாலும் முள் தானாக இறங்கியது! வாரத்துக்கு அரை கிலோ, ஒரு கிலோ, சில வாரம் அதுவும் இல்லை, ஒரு வாரம் மேலேகூடப் போனது. அம்மா அதற்கும் உடையவில்லை. இன்று காலை தொண்ணூற்று நாலு. அம்மா குளியலறையிலிருந்து ஈரத் தலையோடு ஓடிவந்து அப்பாவைத் தூக்கிச் சுற்றினாள். அப்பா, இப்ப என்னையும் சேர்த்து எடை போடு பாப்போம் என்று கத்துகிறார். நானும் குதித்தேன். குதித்துக்கொண்டே மனதுக்குள் கணக்குப் போட்டேன். தொண்ணூற்று நாலும் நான் திருடிய மூன்றும் தொண்ணூற்றேழு.

நாளைக்கு அங்கே இருக்கிற எடைமேடையை நான் திருகவில்லை.

அம்மா புதுக் கையுறை வாங்கி மேசையில் வைத்திருக்கிறாள். சித்தியிடம், நாளைக்கு நாலாம் நம்பர்ல இருந்து மூணு தடவை ஹாரன் அடிப்பேன், எலியைக் கூட்டிட்டு வேலிப் பக்கம் வந்து நில்லு என்று சொல்லிவிட்டாள். பல தடவை திருப்பி வைத்துவிடலாம் என்று சக்கரத்தில் கை வைத்தேன். வைத்தால் அம்மா மறுபடி அந்த வேகவைத்த காய்க்கே போவாள், மறுபடி ஏணியில் கண்ணை மூடுவாள் என்று கையை எடுத்துவிட்டேன். இப்போது நேரம் முடிந்துவிட்டது. நான் சொல்லட்டுமா? சொல்லாமல் அவள் அத்தனை பேருக்கு நடுவில் மேடையில் ஏறி நின்று தெரிந்துகொள்ளட்டுமா?

உன்னிடம் கேட்கிறேனே, எனக்கே சிரிப்பு வருகிறது. இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது எல்லாம் முடிந்திருக்கும். ஆனாலும் கேட்டால் கொஞ்சம் தைரியம் வருகிறது. நாய் மறுபடி உறுமுகிறது. விளக்கு

(அணைந்துவிட்டது. தட்டிவிட்டு வந்தேன்.)

காலையில் சொல்லிவிடுகிறேன், அக்கா.

மாடிப்படியிலிருந்து,
உன் எலி

* * *

வியாழக்கிழமை இரவு

அக்கா! அக்கா! அக்கா!

நேற்று எழுதியதைத் தபாலில் போடவில்லை. இரண்டையும் ஒரே உறையில் வைக்கிறேன், வரிசையாகப் படி. அவசரப்பட்டு இதை முதலில் படித்தால் ஓடும்போது உன் காலில் கல் குத்தும்.

காலையில் அம்மா சமையலறையில் தலை பின்னிக்கொண்டிருந்தாள். எடை போடுகிற நாள் என்றால் முன்பெல்லாம் எச்சில்கூட விழுங்க மாட்டாள், உனக்குத் தெரியும். இன்றைக்கு அடுப்பில் முட்டை, தட்டில் ரொட்டி, டீயில் சர்க்கரை. அதைப் பார்த்ததும் எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இவ்வளவு நம்பிக்கையாக இருக்கிறாளே என்று. அம்மா, நான் எடை முள்ளைத் திருப்பிட்டேன் என்று சொல்லிவிட்டேன். அம்மாவின் பின்னல் பாதியில் நின்றது. எவ்வளவு திருப்பின என்றாள். மூணு என்றேன். எந்தப் பக்கம் என்றாள். குறையற பக்கம் என்றேன்.

அம்மா என்னையே பார்த்தாள். அறை விழும் என்று கன்னத்தை இறுக்கிக்கொண்டேன். அப்படியே அரிசி டின் மேல் உட்கார்ந்துவிட்டாள், அக்கா. தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்துப் பக்கத்தில் போனால், சிரிக்கிறாள்! மூச்சு வாங்கச் சிரிக்கிறாள். நானும் திருப்பினேன்டி என்கிறாள். நானும் மூணு. கூடற பக்கம்!

எப்போது தெரியுமா? அந்த நூறு கிலோ தவணை கொடுத்த அன்றைக்கே, வீட்டுக்கு வந்ததும் வராததுமாக. ஏன் என்று கேட்டேன். சுவரைக் காட்டினாள். நம் கடிகாரம். ஊரில் உள்ள கடிகாரத்தை எல்லாம் சரிசெய்கிற அப்பாவின் வீட்டில் ஒரே ஒரு கடிகாரம் மட்டும் பத்து நிமிடம் வேகமாக ஓடுமே, அம்மா வைத்தது, வேலைக்குத் தாமதமாகக் கூடாது என்று. எடைக்கருவியையும் அதே மாதிரி வேகமாக வைத்தாளாம்! மூணு கிலோ அதிகமாக் காட்டினா பயத்துல கட்டுப்பாடா இருப்பேன்னு நினைச்சேன், அப்புறம் பட்டினியில எனக்கே மறந்துபோச்சு, நான் வச்ச பேய்க்கு நானே பயந்துட்டு இருந்தேன் என்றாள். இப்படி ஒரு தப்பை நம் வீட்டைத் தவிர வேறு எங்கேயாவது யாராவது செய்வார்களா?

அப்பா கண்ணில் பூதக்கண்ணாடியோடு அறையிலிருந்து எட்டிப் பார்த்தார். முகத்தில் ஆச்சரியமே இல்லை. அவருக்குத் தெரியும்! பெருக்கும்போது எடைக்கருவியை நகர்த்துவாராம், சக்கரம் இடம் மாறியிருப்பது கண்ணில் படுமாம். "முதல்ல ஒருத்தி அந்தப் பக்கம் திருகினா. அப்புறம் ஒருத்தி இந்தப் பக்கம் திருகினா. நடுவுல நான் வாயைத் திறந்தா ரெண்டு பேரும் சேர்ந்து என்னைத் திருகுவீங்க" என்றார். நான் இத்தனை நாள் பயந்து செத்தேனே அப்பா என்றேன். நீ பயந்தேன்னு யாரும்மா கண்டது, நீ பாட்டுக்கு ரெண்டு முட்டை தின்னுட்டு இருந்தியே என்கிறார்.

ஆனால் அக்கா, அப்போதும் ஒரு சிக்கல் இருந்தது. அம்மா கண்ணை மூடிக்கொண்டு மூணு என்று திருகியது உண்மையிலேயே மூணா? நான் திருகியது மூணா? ஒரு கிலோ அப்படி இப்படி இருந்தால் போச்சு. டேப்பைப் பிய்த்துப் பார்த்துவிடலாம் என்று நான் ஓடினேன். அம்மா கையைப் பிடித்து நிறுத்திவிட்டாள். வேண்டாம், அங்கே ஏறி நின்னா தெரியப்போகுது என்றாள். உட்கார்ந்து ரொட்டியை எடுத்தாள். என் தட்டையும் பக்கத்தில் இழுத்தாள். "கீழ கேட்டோ, மேல கிரேனோ, எதுவா இருந்தாலும் சரி. ராத்திரி சாப்பாடு இங்கதான், எல்லாரும் சேர்ந்துதான். அதை இனிமே எந்த முள்ளும் முடிவு பண்ண வேணாம்" என்றாள். டீயை மெதுவாகக் குடித்தாள். தாமதமாகும் என்று நான்தான் தவித்தேன். பத்து நிமிஷம் இருக்கேடி என்று கடிகாரத்தைக் காட்டிக் கண்ணடித்தாள்.

பள்ளியில் இன்றைக்கு என்ன பாடம் நடந்தது என்று கேட்காதே. சித்தி கடைக்கு மதியம் விடுப்புச் சொல்லிவிட்டு ஸ்கூட்டரில் வந்தாள். வேலியோரம் போய் நின்றோம். ஒன்று, இரண்டு, மூன்றாம் நம்பர் கிரேன்கள் எல்லாம் ஓடுகின்றன. நாலாம் நம்பர் மட்டும் கொக்கியைத் தூக்கி வைத்துக்கொண்டு சும்மா நிற்கிறது. கண்ணாடிப் பெட்டியில் ஆள் இல்லை. ஒரு லாரி போயிற்று, இன்னொரு லாரி போயிற்று. கேட்டில் யாரோ டோக்கன் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் கை அம்மாவின் கையா என்று நான் எட்டி எட்டிப் பார்த்தேன். சித்தி கைப்பையிலிருந்து காகிதம் சுற்றிய பாதி பன்னை எடுத்து என்னிடம் கொடுத்தாள். உண்மையிலேயே எறும்பு இருந்தது. ஊதிவிட்டுத் தின்றேன்.

அப்போது ஏணியில் ஒரு மஞ்சள் ஹெல்மெட் தெரிந்தது. புதுக் கையுறை, வெள்ளை வெளேரென்று. நிற்காமல் ஏறுகிறது, அக்கா! ஒரு தட்டு, அடுத்த தட்டு, நடுவில் நிற்கிறதா என்று பார்த்தேன், நிற்கவே இல்லை. பெட்டிக் கதவு திறந்து மூடியது. கீழே கையாட்டி மாமா இரண்டு கையையும் தலைக்கு மேலே சேர்த்து ஆட்டினார், அப்படி ஒரு சைகை அவர்கள் வேலையிலேயே கிடையாது. அப்புறம் ஹாரன்! ஒன்று! இரண்டு! மூன்று! நான் போட்ட கூச்சலில் சித்தியின் மூக்குக்கண்ணாடி கீழே விழுந்தது. விழுந்தால் என்ன, கண்ணாடிக்கடைக்காரிதானே. பிறகு நாலாவது ஹாரனும் அடித்தது. அது கணக்கில் இல்லாதது, சந்தோஷம் தாங்காமல் அடித்தது. அதற்கு நூறு கிலோவிடம் திட்டு வாங்கினாளாம்.

தொண்ணூற்று நாலும் கொஞ்சமும்! அந்த அதிகாரி தன் மேடையே தப்போ என்று தானே ஒருமுறை ஏறிப் பார்த்துக்கொண்டாராம். அவர் எடை தொண்ணூற்று மூன்றுதானாம். இனி அவர் பெயரை மாற்ற வேண்டும்.

இரவு சாப்பிட்டு முடித்த பிறகு அப்பா டேப்பைப் பிய்த்தார். நாங்கள் நாலு பேரும் தரையில் தலையோடு தலை முட்டிக் குனிந்து பார்த்தோம். முள் பூஜ்யத்திலிருந்து ஒரு நூல்தான் தள்ளி நின்றது. அம்மா அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம், இரண்டு பேரும் பார்க்காமல் திருகி, ஏறத்தாழச் சரியான இடத்தில் கொண்டுவந்து விட்டிருக்கிறோம். அப்பா அந்த ஒரு நூலையும் சரிசெய்யத் திருப்புளியை எடுத்தார். அம்மா விடவில்லை. அது அப்படியே இருக்கட்டும், அதுக்கும் கொஞ்சம் இடம் வேணும் என்றாள். அதற்குப் பதிலாகச் சுவர்க் கடிகாரத்தைச் சரியாக வைக்கச் சொன்னாள். அப்பா ஸ்டூல் போட்டு ஏறி வைத்தார். நாளைக்கு நாங்கள் எல்லாரும் தாமதமாகத்தான் போகப் போகிறோம்.

சித்திக்கு இன்றைக்குத் தலைகால் புரியவில்லை. பாத்தியா அக்கா, என் அரை வைராக்கியம்தான் ஜெயிச்சது என்று பாத்திரம் கழுவும்போதும் பாடுகிறாள். அம்மா சண்டைக்குப் போகவில்லை. என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு ஒன்று சொன்னாள். கொக்கியில் தொங்கும் பெட்டி காற்றில் ஆடினால், அதை வெடுக்கென்று பிடித்து நிறுத்த முடியாதாம். எதிர்ப்பக்கம் இழுத்தால் இன்னும் பெரிதாக ஆடுமாம். "அது போற பக்கமே நாமளும் கொஞ்சம் போகணும் எலி. போனா, தானா நின்னுடும். அப்புறம் இறக்கலாம். இத்தனை வருஷமா கையால இதைத்தானே செய்யறேன்? சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால உட்கார்ந்தா மட்டும் எப்படி மறந்துபோச்சு?" என்றாள். பாதி இறக்கின பெட்டியைப் பற்றிப் பேசியவள் இவள்தானா என்று சித்தியும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

இனிமேல் எனக்கு மறைக்க ஒன்றுமில்லை. ஆனாலும் பார், இன்றைக்கும் மாடிப்படியில்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். நாய்க்கே பழகிவிட்டது, உறுமாமல் கொட்டாவி விடுகிறது. இந்தத் தடவை ரகசியம் என்னுடையது இல்லை, அக்கா.

நீ அனுப்பிய புகைப்படத்தை, ஓட்டப் பாதையில் நின்று எடுத்தது, அம்மா இன்றைக்குக் கையில் எடுத்தாள். சந்தோஷத்தில் உன்னையும் சேர்த்துக்கொள்ளத்தான் எடுத்தாள். விளக்குக்குக் கீழே கொண்டுபோய் ரொம்ப நேரம் பார்த்தாள். இவ ஏன் வாட்சை மணிக்கட்டை விட்டு முழங்கைகிட்டக் கட்டியிருக்கா என்று கேட்டாள். அது ஸ்டைல் அம்மா என்று சொல்லிவிட்டேன். அம்மா படத்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டாள். இப்போதும் அங்கேதான் இருக்கிறது.

அது ஸ்டைல்தானே?

போன கடிதத்தில் ஒரு மாதமாகச் சோறும் சர்க்கரையும் தொடவில்லை, பயிற்சியாளர் பாராட்டினார், அம்மா பெண்ணாச்சே என்று எழுதியிருந்தாய். படித்தபோது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. வகுப்பில்கூடச் சொல்லிக்கொண்டேன். ஆனால் இப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை போனில், நாங்கள் யாரும் கேட்பதற்கு முன்பே "நான் சாப்பிட்டாச்சு" என்கிறாய். நீ அப்படிச் சொல்லும்போது எனக்குக் கையாட்டி மாமா கொண்டுவந்த அந்தப் பழுதில்லாத கடிகாரம் ஞாபகம் வருகிறது. ஏன் என்று தெரியவில்லை.

உன் விடுதியில் உள்ள எடைக்கருவியை என்னால் திருக முடியாது. அவ்வளவு தூரம் கை எட்டாது. அதனால் இதைத்தான் செய்ய முடிகிறது. வரும் ஞாயிற்றுக்கிழமை நாங்கள் போன் செய்ய மாட்டோம், நேரில் வருகிறோம். அம்மா போனிலேயே விடுப்புச் சொல்லியாயிற்று. சித்தி ஒன்றுக்கு இரண்டு கைப்பையை எடுத்து வைத்துவிட்டாள். உனக்குச் சொல்ல வேண்டாம், திடீரென்று போய் நிற்கலாம் என்று அம்மா சொன்னாள். நான் சொல்லிவிட்டேன். நீ பயப்படக் கூடாது என்றுதான். யாரும் உன்னை மேடையில் ஏற்றப் போவதில்லை. பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடத்தான் வருகிறோம். நீ எந்தப் பக்கம் போகிறாயோ, அந்தப் பக்கமே நாங்களும் கொஞ்சம் வருவோம்.

இந்தக் கடிதத்தை மெஸ்ஸுக்கு எடுத்துக்கொண்டு போய்ப் படி. ஒரு கையில் பிடித்துக்கொள், இன்னொரு கை சும்மாதானே இருக்கும்? முழுவதும் முடியாவிட்டால் பாதி போதும். மீதியைக் காகிதத்தில் சுற்றி வை, ஞாயிற்றுக்கிழமை நான் வந்து தின்றுகொள்கிறேன், எறும்பு இருந்தாலும் சரி.

முதல் கடிதத்தின் மேலே இடம் விட்டிருந்தேன் இல்லையா, அந்த வரியை இப்போது எழுத வருகிறது. அங்கே போய் எழுதாமல் இங்கேயே எழுதுகிறேன்.

இங்கு அனைவரும் நலம்.

அங்கு நீ, அக்கா?

உன் எலி